தெரியாது என்று சொல்லும் உரிமை

கல்லூரி முதலாண்டுக் கணித வகுப்புகளில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் ஒன்று உண்டு: "இதெல்லாம் ஸ்கூல்லயே படிச்சிருப்பீங்க." சொல்பவர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. பருவம் குறுகியது, ஐந்து யூனிட் முடிக்க வேண்டும், தேர்வு வந்துவிடும். ஆனால் அந்த வாக்கியம் சொல்லப்பட்டதும் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. படித்தவர்கள் தலையாட்டுகிறார்கள். படிக்காதவர்களும் தலையாட்டுகிறார்கள். இந்த இரண்டாவது தலையாட்டலைப் பற்றித்தான் நான் யோசிக்க விரும்புகிறேன்.

கற்பிக்கப்படாத ஒன்று ஒருத்திக்குத் தெரியாமல் இருக்கிறது. அந்தத் தெரியாமை யாருடையது? பள்ளியுடையதா, கல்லூரியுடையதா, அவளுடையதா? நடைமுறையில் இதற்கு ஒரே பதில்தான் இருந்துவருகிறது: அவளுடையது. அவளும் அதை ஏற்றுக்கொள்கிறாள், குற்றமாக அல்ல, கூச்சமாக. குற்றம் என்றால் வாதாடலாம்; நான் செய்யவில்லை என்று சொல்லலாம். கூச்சத்தோடு வாதாட முடியாது, மறைக்கத்தான் முடியும். உடம்பை, வலியை, விருப்பத்தை மறைக்கச் சிறுவயதிலிருந்தே பழக்கப்பட்டவர்களுக்குத் தெரியாமையை மறைப்பதும் எளிதாகக் கைவருகிறது. பின்வரிசைப் பையன் "ஒண்ணும் புரியல சார்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவான். வகுப்பும் சிரிக்கும், அவன் மதிப்பு குறையாது. அதையே ஒரு பெண் சொன்னால், பெண்களுக்குக் கணக்கு வராது என்பதற்கு இன்னொரு சாட்சி கிடைத்துவிடும். அவள் ஒருத்தியாகத் தவறுவதில்லை. எல்லாப் பெண்களுக்குமாகத் தவறுகிறாள். ஆகவே வாயைத் திறப்பதில்லை.

முத்தாண்டிக்குப்பத்தை எடுத்துக்கொள்வோம். நெய்வேலி நகரியத்துக்கு அருகில், முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் நிறைந்த செம்மண் பகுதியில் இருக்கும் ஊர். 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டபின் நெய்வேலியில் வட்டம் வட்டமாக வகுக்கப்பட்ட ஒரு நகரம் எழுந்தது. நேரான சாலைகள், வரிசையாகக் குடியிருப்புகள், பள்ளிகள், நூலகம், மருத்துவமனை. பொறியாளர்கள் இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து வந்தார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்கு என்பது காற்றில் இருந்த ஒன்று: அப்பாவுக்குத் தெரியும், பக்கத்து வீட்டு மாமாவுக்குத் தெரியும், டியூஷன் அடுத்த தெருவில் இருக்கிறது. ஆர்ச் கேட்டுக்கு வெளியே, நிலமும் தோப்பும் வைத்திருந்த, அல்லது அவற்றில் கூலிக்குப் போன குடும்பங்களில், கல்லூரிக்குப் போகும் முதல் தலைமுறை இப்போதுதான் போய்க்கொண்டிருக்கிறது. அதில் பெண்களும் இருக்கிறார்கள் என்பது பெரிய விஷயம். அந்தப் பெண்கள் நெய்வேலிக்கோ கடலூருக்கோ விருத்தாசலத்துக்கோ பஸ் ஏறிப் போய் உட்காரும் முதல் கணித வகுப்பு அவர்களை என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி.

அப்படி ஒரு மாணவியை நினைத்துக்கொள்ளுங்கள். தனி ஆள் அல்ல. நம்மில் பலர் சேர்ந்த ஒரு பொது உருவம். பத்தாம் வகுப்பில் கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கினாள். பிளஸ் ஒன்னில் குரூப் எடுக்கும்போது வீட்டில் ஒரு பேச்சு நடந்தது. கணக்குக் குரூப் என்றால் டியூஷன் வைக்க வேண்டும். டியூஷன் முடிந்து வர இருட்டிவிடும். அண்ணன் கூட்டிவர முடியாது. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கும்மா அவ்வளவு கஷ்டம்?" என்று ஒருவர் சொன்னார். அவர் ஆசிரியராக இருக்கலாம், சித்தப்பாவாக இருக்கலாம், அம்மாவாகவே இருக்கலாம். யாரும் அவளைத் தடுக்கவில்லை. எல்லோரும் அவள்மீது இரக்கம் காட்டினார்கள். அந்த இரக்கத்தால் அவள் வேறு குரூப்பில் சேர்ந்தாள், இன்று பி.காம். முதலாண்டில் வணிகக் கணிதமும் புள்ளியியலும் வந்து நிற்கும்போது அவளிடம் இருப்பது பத்தாம் வகுப்புக் கணக்கு மட்டும்.

அல்லது அவள் பிடிவாதமாகக் கணக்குக் குரூப்பே எடுத்திருக்கலாம். அப்போதும் ஓட்டை இருந்திருக்கும். பிளஸ் ஒன்னுக்குத் தமிழ்நாட்டில் முதன்முதலாகப் பொதுத்தேர்வு நடந்தது 2018 மார்ச்சில்தான். அதுவரை பல பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை மேலோட்டமாகத் தொட்டுவிட்டு இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தையே நடத்தினார்கள். பொறியியலுக்கு எண்ணப்படும் மதிப்பெண் பன்னிரண்டில்தானே இருக்கிறது! கணிதத்தின் அஸ்திவாரமோ பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கிறது: சார்பு, முக்கோணவியல், வரிசை மாற்றங்களும் சேர்மானங்களும், ஈருறுப்புத் தேற்றம், எல்லை, வகை நுண்கணிதத்தின் தொடக்கம். அஸ்திவாரம் இல்லாமல் மாடி கட்டினார்கள். வீட்டில் வசதி இருந்த பிள்ளைகள் டியூஷனில் அஸ்திவாரத்தைத் தனியாக வாங்கிக்கொண்டார்கள். மற்றவர்கள் மாடியின் கணக்குகளை மனப்பாடம் செய்தார்கள்.

*

கல்லூரிகளுக்கு இது தெரியாமல் இல்லை. தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் 2023-24 கல்வியாண்டை ஒட்டிக் கொண்டுவந்த மாதிரிப் பாடத்திட்டத்தில், பி.எஸ்சி. கணிதத்தின் முதல் பருவத்தில் 'பிரிட்ஜ் மேத்தமேடிக்ஸ்' என்று ஓர் அடிப்படைப் பாடம் இருக்கிறது. ஈருறுப்புத் தேற்றம், கூட்டு, பெருக்குத் தொடர் வரிசைகள், வரிசை மாற்றங்களும் சேர்மானங்களும், முக்கோணவியல், பிறகு எல்லையில் தொடங்கி வகையிடல் வழியாகத் தொகையிடல் வரை. பதினொன்றாம் வகுப்பில் விட்டுப்போனதெல்லாம் அதில் இருக்கிறது. பள்ளிக்கும் கல்லூரிக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது என்று ஓர் அரசு அமைப்பே எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. இது சின்ன விஷயம் அல்ல. பள்ளம் இருக்கிறது என்று சொல்லிவிட்டால், அதில் விழுந்தவளைப் பார்த்து உனக்கு நடக்கத் தெரியவில்லை என்று சொல்ல முடியாது.

ஆனால் அந்தப் பாலத்துக்குக் கிடைத்திருப்பது வாரத்துக்கு 2 மணி நேரம். இரண்டு ஆண்டுகளில் ஊற வேண்டியதை ஒரு பருவத்தில், வாரம் 2 மணி நேரத்தில். நடத்துபவர் பெரும்பாலும் தொகுப்பூதியத்தில் இருக்கும் கௌரவ விரிவுரையாளர். அவரும் பெரும்பாலும் நம்மைப் போன்ற ஒரு பெண்தான். முன்னால் ஐம்பது, அறுபது பேர். அவரும் வேறு வழியில்லாமல் அந்த வாக்கியத்துக்கே வந்து சேர்கிறார்: இதெல்லாம் ஸ்கூல்லயே படிச்சிருப்பீங்க. படிக்காதவர்களுக்காகவே உருவாக்கப்பட்ட பாடம், படித்தவர்களுக்கு நினைவூட்டும் பாடமாக முடிந்துவிடுகிறது.

இதில் மொழியும் சேர்ந்துகொள்கிறது. தமிழ் வழியில் படித்து வந்தவளுக்கு 'வகைக்கெழு' தெரியும்; 'டெரிவேட்டிவ்' தெரியாது. 'தொகையிடல்' போட்டிருக்கிறாள், 'இன்டக்ரேஷன்' என்று கேட்டதில்லை. கல்லூரியில் ஆங்கிலச் சொல் காதில் விழும்போது அது தான் ஏற்கெனவே சந்தித்த ஆள்தான் என்று அவளுக்கு அடையாளம் தெரிவதில்லை. தெரிந்ததே தெரியாததாக மாறிவிடுகிறது. கரும்பலகையின் ஒரு ஓரத்தில் இரண்டு சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் பல வகுப்புகளில் செலவழிக்கப்படுவதில்லை. இவளுக்குப் பாடமே தெரியாது என்ற முடிவு அந்த நிமிடத்தைவிட மலிவாகக் கிடைப்பதுதான் காரணம்.

இங்கே ஓர் எதிர்வாதம் வரும். அதை நேர்மையாகக் கேட்க வேண்டும். கல்லூரி என்பது மறுபடியும் பள்ளி நடத்தும் இடமா? தகுதி என்று ஒன்று வேண்டாமா? 2021 மார்ச்சில் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு, பிளஸ் டூவில் கணிதம் படிக்காதவர்களும் பொறியியலில் சேர இடமளித்து, அவர்களுக்குக் கல்லூரிகள் பிரிட்ஜ் கோர்ஸ் நடத்தட்டும் என்றபோது பெரிய கூச்சல் எழுந்தது. தரம் போய்விடும் என்றார்கள். அடிப்படை இல்லாமல் பொறியியல் படிக்க முடியாது என்ற கவலையில் நியாயம் இருக்கிறது. ஆனால் தரம் பற்றிப் பேசிய அளவுக்கு, அந்தப் பாலத்தை யார் கட்டுவார்கள், எத்தனை மணி நேரத்தில், எந்த மொழியில் என்று பேசவில்லை. 'அடிப்படை இல்லை' என்பதை ஒரு நோய்க்குறி போலச் சொல்கிறோம். அது ஒரு வரலாறு. யாரோ ஒரு பள்ளிக்கு ஆசிரியர் போடவில்லை, யாரோ ஒரு பாடத்தைத் தாண்டிப் போனார்கள், யாரோ இருட்டிவிடும் என்றார்கள். அந்த வரலாற்றில் எந்த முடிவையும் அவள் எடுக்கவில்லை. முடிவு எடுக்காதவளிடம் விலை மட்டும் வசூலிப்பது தகுதியின் பெயரால் நடந்தாலும் அநியாயம்தான்.

விலை எவ்வளவு என்பதற்கு வெளியூரிலிருந்து ஒரு கணக்கு. லூசி செல்ஸ் என்ற சமூகவியலாளர் 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முதலாண்டு சேர்ந்தவர்களைப் பார்த்தார். உயர்நிலைப் பள்ளியில் நான்கு ஆண்டுகளும் கணக்குப் படித்தவர்கள் ஆண்களில் 57 சதவீதம், பெண்களில் 8 சதவீதம். நான்கு ஆண்டுக் கணக்கு இல்லாமல் கால்குலஸ் வகுப்பில் உட்கார முடியாது. கால்குலஸ் இல்லாமல் பெரும்பாலான துறைகளில் பட்டம் எடுக்க முடியாது. பெண்களுக்கு மிஞ்சியவை வழக்கமாகப் பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்ட சில துறைகள்தான். கணக்கு ஒரு வடிகட்டி என்றார் அவர். அது ஒரு வளாகத்தின், ஓர் ஆண்டின் கணக்குதான். ஆனால் அது காட்டிய வழிமுறை நமக்கும் பொருந்தும். "பெண்கள் வரக்கூடாது" என்று அங்கே எந்தக் கதவிலும் எழுதியிருக்கவில்லை. பதினான்கு, பதினைந்து வயதில் ஒரு பெண்ணுக்குக் காட்டிய இரக்கமே, பதினெட்டு வயதில் பூட்டாக மாறியிருந்தது.

*

இரக்கம் என்ற சொல்லை மறுபடி மறுபடி பயன்படுத்துகிறேன். காரணம் இருக்கிறது. பெண்ணியம் கொடுமையை அடையாளம் காணக் கற்றுக்கொடுத்திருக்கிறது. இரக்கத்தை அடையாளம் காண்பது அதைவிடக் கடினம்.

இரக்கம் கல்லூரிக்குள்ளும் நுழைகிறது. "இந்த அஞ்சு சம் மட்டும் பாத்துக்கங்க, பாஸ் ஆயிடலாம்" என்று சொல்லும் ஆசிரியரை எல்லோருக்கும் பிடிக்கும். இம்பார்ட்டன்ட் கொஸ்டின் பட்டியல் வாட்ஸ்அப்பில் சுற்றும். 40 மதிப்பெண் வந்தால் போதும். அவளும் அந்த ஐந்து கணக்குகளையும் வரி பிசகாமல் எழுதிவிட்டு வருகிறாள். கணக்கில் எண்ணை மாற்றிக் கொடுத்தால் நின்றுவிடுவாள் என்று கொடுப்பவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இது ஏமாற்று அல்ல; இருவரும் சேர்ந்து செய்துகொண்ட ஒரு சமரசம். ஆனால் அதற்குள் ஒரு முடிவு ஒளிந்திருக்கிறது: உனக்கு இது புரியாது, புரிய வேண்டியதும் இல்லை, சான்றிதழ் வந்தால் போதும். அவளைப் புரிந்துகொள்ளக்கூடிய ஆளாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளாத முடிவு அது.

லீலாவதியின் கதை எல்லோருக்கும் தெரிந்தது. பாஸ்கரர் 1150இல் எழுதிய கணித நூலுக்கு அந்தப் பெயர். முகூர்த்த நேரம் காட்டும் நீர்க்கடிகாரத்தில் முத்து விழுந்து அடைத்துக்கொள்ள, மகளின் திருமணம் நின்றுபோயிற்று, அவளைத் தேற்றத் தந்தை அந்த நூலை எழுதினார் என்பார்கள். அந்தக் கதை பாஸ்கரர் நூலில் இல்லை; 1587இல் ஃபைசி செய்த பாரசீக மொழிபெயர்ப்பின் வழியாக வந்தது. நடந்ததோ இல்லையோ, இத்தனை நூற்றாண்டுகளாக நமக்கு அது இயல்பான கதையாகத் தோன்றியிருக்கிறது பாருங்கள். ஒரு பெண்ணுக்குக் கணக்கு கிடைக்க வேண்டுமானால் முதலில் கல்யாணம் நின்றுபோக வேண்டும். கணக்கு அவளுக்கு உரிமையாக அல்ல, ஆறுதலாக வருகிறது. இன்றும் பாதிக் கதை அப்படியே இருக்கிறது: வரன் அமையும்வரை படிக்கட்டும்.

பெர்க்லியிலேயே நடந்த இன்னொரு விஷயம் இரக்கத்துக்கு மாற்று என்ன என்று காட்டுகிறது. யூரி டிரைஸ்மன் என்ற கணித ஆசிரியர் 1970களின் பிற்பகுதியில் ஒரு கேள்வியைப் பின்தொடர்ந்தார்: நன்றாகப் படித்துவந்த கறுப்பின மாணவர்கள் முதலாண்டுக் கால்குலஸில் ஏன் தோற்கிறார்கள்? ஆர்வமில்லை, குடும்பச் சூழல் சரியில்லை என்று எல்லோரும் சொன்ன காரணங்களை நம்பாமல், அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்து பார்த்தார். அவர்கள் தனியாக, அறைக்குள், யாரையும் கேட்காமல் படித்தார்கள். நன்றாகச் செய்த சீன வம்சாவளி மாணவர்கள் கூட்டாக உட்கார்ந்து ஒருவர் பிழையை இன்னொருவர் திருத்திக்கொண்டார்கள். அவர் எளிமைப்படுத்தப்பட்ட வகுப்பு எதையும் தொடங்கவில்லை. கடினமான கணக்குகளைக் கொடுத்து, குழுவாக உட்காரவைத்தார். அந்தப் பட்டறைக்கு வந்தவர்களின் மதிப்பெண்கள் தெளிவாக உயர்ந்தன. உன்னால் முடியாது என்பதால் இங்கே வா என்று அவர் அழைக்கவில்லை. உன்னால் முடியும் என்பதால் வா என்று அழைத்தார்.

தனியாக, யாரையும் கேட்காமல், தெரியாததை மறைத்துக்கொண்டு படிப்பது. நமக்கு மிகவும் பழக்கமான படம் அது.

*

கணக்குக்கு வேண்டிய பொருள்கள் மிகக் குறைவு என்பார்கள்: ஒரு தாள், ஒரு பேனா. மூன்றாவது ஒன்று வேண்டும், அது நேரம். வெறும் நேரமும் அல்ல, உடையாத நேரம். ஒரு கணக்கில் மாட்டிக்கொண்டு, ஒன்றும் எழுதாமல், தாளையே பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். கற்றல் அந்த அரை மணி நேரத்தில்தான் நடக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது சும்மா உட்கார்ந்திருப்பது போலத் தெரியும். எழுதிக்கொண்டிருக்கும் பெண்ணை வீடு கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். சும்மா உட்கார்ந்திருக்கும் பெண்ணை எந்த வீடு பொறுத்துக்கொள்ளும்? "சும்மாதானே இருக்க, அந்த அரிசிய களஞ்சு வை." தம்பி அதே நிலையில் இருந்தால் அவன் யோசிக்கிறான்.

ராமானுஜனைப் பற்றி நாம் வேறு விதமாகக் கேட்டிருக்கிறோம். கும்பகோணத்திலும் சென்னையிலும் கல்லூரியின் எஃப்.ஏ. படிப்பில் தோற்றவர், வறுமையில் வளர்ந்தவர், ஆனாலும் மேதை. எல்லாம் உண்மை. அவர் கணக்கு எழுதும்போது வேலை தடைபடக்கூடாது என்று வீட்டுப் பெண்கள் சோற்றைப் பிசைந்து அவர் கையில் வைத்தார்கள் என்பதும் ஜானகி அம்மாளின் நினைவுகளிலிருந்து நமக்குக் கிடைத்த உண்மை. அந்த வீட்டில் பணம் இல்லை, நேரம் இருந்தது. பெண்கள் தங்கள் நேரத்தை எடுத்து அவருக்குக் கொடுத்தார்கள். 1909இல் சிறுமியாக அவரை மணந்த ஜானகி, 1920இல் அவர் இறந்தபின் தையல் கற்றுக்கொண்டு பல ஆண்டுகள் அதில் பிழைத்தார். அவர் மேதையாகியிருப்பார் என்று நான் சொல்லவரவில்லை. அவர் கையில் யாரும் சோறு பிசைந்து வைத்திருக்க மாட்டார்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

2022 செப்டம்பர் 5 முதல் புதுமைப் பெண் திட்டத்தில், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. பஸ் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் அப்பாவிடம் கை நீட்ட வேண்டாம் என்பது எவ்வளவு பெரிய விடுதலை என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். பணத்தை அவள் பெயரில் போட முடிந்த அரசால் நேரத்தை அவள் பெயரில் போட முடியவில்லை. ஆனால் ஒரு கல்லூரியால் முடியும். வகுப்பு முடிந்தபின் ஒரு மணி நேரம், ஓர் அறை, சில கடினமான கணக்குகள், அடுத்த பஸ்ஸுக்குள் முடியும்படி ஒரு கால அட்டவணை. அதைப் பாடவேளையாகவே போட்டுவிட்டால் வீட்டில் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. "கிளாஸ் இருக்கு" என்பதை நம் வீடுகள் ஏற்றுக்கொள்கின்றன. "யோசிக்கணும்" என்பதை ஏற்றுக்கொள்வதில்லை.

*

பெண்ணியப் பேச்சில் இந்த இடத்தில் ஓர் ஆறுதல் வரும்: பெண்களுக்குக் கணக்கு ஏற்கெனவே தெரியும், கோலத்தில் இருக்கிறது, சமையலில் இருக்கிறது, சீட்டுக் கட்டுவதில் இருக்கிறது. பொய் அல்ல. சென்னை கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து 1974இல் கோலங்களை வரிசை இலக்கணங்களாக விளக்கிக் கட்டுரை வெளியிட்டார்கள். கணினியின் மொழிக் கோட்பாட்டுக்குள் கோலம் நுழைந்தது. மூவரில் இருவர் பெண்கள். பெருமைதான். ஆனால் கோலம் பல்கலைக்கழகத்துக்குள் போனது; வாசலில் அதைப் போட்டவள் போகவில்லை. உள்ளே கூட்டிக்கொண்டு போனது இந்த இருவரும் முறையாகக் கற்ற கணிதம். வாசலில் நிற்பவளைப் பார்த்து உனக்குத்தான் எல்லாம் தெரியுமே என்று சொல்வது, சில நேரங்களில், நீ வெளியிலேயே இரு என்பதன் மரியாதையான வடிவம்.

முத்தாண்டிக்குப்பம் வட்டாரத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களைப் பாருங்கள். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் விரலை வேகவைத்துவிடும். சாம்பலைத் தொட்டுக்கொண்டு உடைப்பார்கள். கூலி கிலோக் கணக்கு. எத்தனை கிலோ கொட்டைக்கு எத்தனை கிலோ பருப்பு, முழுப் பருப்பு எவ்வளவு, உடைந்தது எவ்வளவு என்று மனக்கணக்காகச் சொல்லிவிடுவார்கள். வாய்ப்பாட்டில் யாரும் அவர்களை மிஞ்ச முடியாது. ஆனால் தராசு அவர்களுடையது அல்ல, விலையும் அவர்கள் வைப்பது அல்ல. அவர்கள் மகள் புள்ளியியல் படிக்கிறாள் என்றால், ஒரு வட்டாரத்தின் கூலி விகிதம் எப்படி நிர்ணயிக்கப்படுகிறது, சராசரி என்ற ஒற்றை எண் யாரை மறைக்கிறது என்று கேட்கும் இடத்துக்கு அவள் வரலாம். மனக்கணக்கு அம்மாவைப் பிழைக்க வைத்தது. அந்தக் கணக்கையே கேள்வி கேட்கும் கணிதம் மகளுக்கு வேண்டும்.

எல்லாப் பெண்களும் கணக்குப் படித்தே ஆக வேண்டுமா, கணக்கை வைத்து அறிவை அளப்பதே ஆண்களின் அளவுகோல் இல்லையா என்று ஒரு தோழி கேட்கக்கூடும். கவிதை எழுதுகிறவளை இன்டக்ரேஷன் தெரியவில்லை என்று யாரும் குறைத்துப் பேச வேண்டாம். ஆனால் வேண்டாம் என்று சொல்வதும் கிடைக்கவில்லை என்பதும் வேறு வேறு. கதவு திறந்திருந்து நான் போகவில்லை என்றால் அது என் விருப்பம். பூட்டிய கதவைப் பார்த்து எனக்கு அந்த வீடே பிடிக்காது என்று சொல்வது வேறு ஒன்று. அதை விருப்பம் என்று பெயரிட்டு நாம் நிறைய இழந்திருக்கிறோம்.

கணக்கிடம் எனக்கு இருக்கும் மரியாதைக்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் வளர்ப்பில் ஒரு விஷயம் சரி என்பதற்குப் பெரும்பாலும் ஆதாரம், சொன்னவர் யார் என்பது. அப்பா சொன்னார், பெரியவர்கள் சொன்னார்கள், சார் சொன்னார். கணிதத்தில் மட்டும், யார் சொன்னாலும், அடுத்த வரி முந்தைய வரியிலிருந்து வர வேண்டும். வரவில்லை என்றால் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி அதைச் சுட்டிக்காட்டலாம். வயதும் சாதியும் பதவியும் அந்த வரியைக் காப்பாற்றாது. ஆனால் இது கணக்கைப் புரிந்து படிப்பவளுக்கு மட்டும் கிடைக்கும் அதிகாரம். மனப்பாடமாகக் கற்பித்தால் அதே கணக்கு, கீழ்ப்படிதலுக்கான மிகக் கடுமையான பயிற்சியாகிவிடும்: ஏன் என்று கேட்காதே, ஃபார்முலா அப்படித்தான்.

ஓர் எடுத்துக்காட்டு, பிரிட்ஜ் பாடத்திலிருந்தே. 10 பேரிலிருந்து 3 பேரைத் தேர்ந்தெடுக்கும் வழிகள் 120. 7 பேரைத் தேர்ந்தெடுக்கும் வழிகளும் 120. ஃபேக்டோரியல் போட்டு, அடித்து, இரண்டும் சமம் என்று நிரூபித்துவிட்டுப் போகலாம். அல்லது வகுப்பை ஒரு நிமிடம் நிறுத்திக் கேட்கலாம்: போட்டிக்குப் போகும் காரில் 3 பேருக்குத்தான் இடம், யார் யார் போகிறார்கள் என்று முடிவு செய்யும் ஒவ்வொரு முறையும், போகாத 7 பேர் யார் என்பதையும் சேர்த்தே முடிவு செய்துவிடுகிறோம் இல்லையா? அதனால் இரண்டு எண்ணிக்கையும் சமமாகத்தான் இருக்க முடியும். இதைப் புரிந்துகொள்ள முன்பாடம் எதுவும் தேவையில்லை. ஒரு முறை புரிந்தவளுக்கு அந்தச் சூத்திரம் மறக்காது. உள்ளே எடுக்கும் ஒவ்வொரு தேர்வும் வெளியே நிறுத்தும் தேர்வும்தான் என்பதும் மறக்காது.

ஆகவே தொடக்கக் கணிதப் பாடத்தைப் பற்றிய கேள்வி பாடத்திட்டக் குழுவின் கேள்வி மட்டும் அல்ல. ஒருத்தியைக் கல்லூரியில் சேர்த்துக்கொண்டு கட்டணம் வாங்கியவர்கள், அவள் நிற்கும் இடத்திலிருந்து தொடங்கக் கடமைப்பட்டவர்கள். அவள் எங்கே நிற்க வேண்டும் என்று அவர்கள் நினைக்கிறார்களோ அங்கிருந்து அல்ல. 2 மணி நேரத்தை 5 ஆக்குவது, முதல் சில வாரங்களுக்கு மதிப்பெண் இல்லாமல் வைப்பது, இரண்டு மொழிச் சொற்களையும் பலகையில் எழுதுவது, கூட்டாக உட்கார ஓர் அறை தருவது: இவற்றில் எதற்கும் பெரிய நிதி தேவையில்லை. அவளுக்குப் புரியும் என்று நம்புவதுதான் செலவு.

மாணவிகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த முறை பலகையில் ஒரு வரி காற்றிலிருந்து குதித்ததுபோல் தோன்றினால் தலையாட்டாதீர்கள். பக்கத்தில் இருப்பவளைப் பாருங்கள். அவளும் உங்களைப் போலவே ஆட்டிக்கொண்டிருக்கலாம். இரண்டு பேராகச் சேர்ந்து கையைத் தூக்குங்கள். "மேடம், மூணாவது வரி எப்படி வந்துச்சு?" அந்தக் கேள்விக்குப் பிறகுதான் வகுப்பு தொடங்குகிறது.